பிக்கப்பா, இன்னோவாவா? தங்கச்சியின் தோசைக் கடையை எது இழுக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஒரு தோசைக் கடை நடத்துகிறார்கள். கடை என்றால் கட்டடம் கிடையாது. இரண்டு சக்கரத்தில் நிற்கும் பெட்டி. யாரோ ஈப்போவில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்வர வைத்திருந்த பழைய கேரவான் அது. உள்ளே இருந்த கட்டிலையும் அலமாரியையும் கழற்றிவிட்டு தோசைக்கல், கேஸ் அடுப்பு, மாவு வைக்கும் குளிர்பெட்டி எல்லாம் பொருத்திக்கொண்டார்கள். பக்கச் சுவரில் ஒரு பகுதியைத் தூக்கித் திறந்தால் கடை தயார். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் குலை லாரிகளை நிறுத்தும் எடை மேடையில், தெரிந்தவரிடம் கேட்டு ஒருநாள் ஏற்றிப் பார்த்தோம். கேஸ் தோம்பு, தண்ணீர், மாவு, நாற்காலிகள் எல்லாம் சேர்த்து 720 கிலோ.

இந்தப் பெட்டியை இப்போது இழுப்பது மாப்பிள்ளையின் ஹைலக்ஸ் பிக்கப். 2.5 லிட்டர் டீசல் இன்ஜின், வாங்கிப் பல வருடம் ஆயிற்று. குலை வெட்டும் குத்தகை எடுத்த காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய வண்டி. வாரத்தில் ஒருநாள் கோலக்கங்சார், இரண்டு நாள் ஈப்போ பக்கம், ஒருநாள் தைப்பிங், மீதி நாள் உள்ளூர். எல்லாம் பழைய கூட்டரசு சாலை வழியாகத்தான். மாதத்தில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடையோடும், 800 கிலோமீட்டர் கடை இல்லாமலும் ஓடுகிறது.

டீசல் விலை ஏறியதிலிருந்து மாப்பிள்ளைக்கு அந்த வண்டி மேல் கசப்பு. "வித்துட்டு பெட்ரோல் வண்டி வாங்கிடலாம் மச்சான்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அவர் கண் இன்னோவா மேல். பெரிய மகன் மின் கார் என்கிறான். தங்கச்சி என்னிடம் வந்து, "நீங்கதான்ணே கணக்குப் போட்டுச் சொல்லணும்" என்றாள். தோட்ட ஆபீசில் 31 வருடம் கிராணியாக இருந்தவன் நான். செக்ரோல் என்னும் கூலிப் பதிவேடு எழுதிய கை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மூன்று மாதம் பெட்ரோல் நிலைய ரசீது எல்லாவற்றையும் அதில் ஒட்டி வைத்துக் கணக்குப் பார்த்தேன். இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதில்லை. சுற்றுவட்டாரத்தில் இப்படி இழுத்துக்கொண்டு போய்ப் பிழைக்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சாலை வரி. டீக்கடையில் பேச்சு இங்கேதான் தொடங்கும், ஆனால் பெரிய காசு இங்கே இல்லை. நம் நாட்டில் சாலை வரிக்கு அளவுகோல் இன்ஜினின் சிசி. எவ்வளவு புகை விடுகிறது என்று பார்ப்பதில்லை. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள, சலூன் (சாதாரண நாலு கதவுக் கார்) அல்லாத வண்டிக்கு 2,001 முதல் 2,500 சிசி வரை 440 ரிங்கிட்டும், 2,000-க்கு மேல் போகும் ஒவ்வொரு சிசிக்கும் 80 சென்னும். அந்த பிக்கப் 2,494 சிசி. ஆக 835 ரிங்கிட் 20 சென். இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்னோவா 1,998 சிசி. அதற்கு 360 ரிங்கிட்டோடு 1,800-க்கு மேல் சிசிக்கு 40 சென், மொத்தம் 439 ரிங்கிட் 20 சென். வித்தியாசம் வருடத்துக்கு 396 ரிங்கிட், மாதத்துக்கு 33. வருட முடிவில் ஒரே தொகையாகக் கட்டும்போது கை நடுங்கும். மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு சாயங்கால வியாபாரத்தின் சிறு பகுதி.

பிரிட்டனில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னபோது ஆச்சரியப்பட்டான். அவன் அங்கே உண்மையான கேரவானைக் காரில் கட்டி விடுமுறைக்குப் போகிறவன். அங்கே புதுக் காருக்கு முதல் வருட வரியே அது வெளியிடும் கரியமில வாயுவைப் பொறுத்தது. லண்டனில் புகை விதிக்கு உட்படாத வண்டி ஒருநாள் நுழைந்தாலே 12.50 பவுண்ட். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதுக்கும் அந்தக் கட்டணம் வந்துவிட்டது. தப்பிக்க வேண்டுமானால் டீசல் கார் யூரோ 6 புகைத் தரமும், பெட்ரோல் கார் யூரோ 4 புகைத் தரமும் கொண்டிருக்க வேண்டும். கட்டணம் இழுக்கும் காருக்குத்தான், பின்னால் வரும் கேரவானுக்கு இல்லை. அதனால் அவன் நன்றாக ஓடிய பழைய டீசல் காரை விற்க வேண்டியதாயிற்று. அங்கே விதி வண்டியின் வயதையும் புகையையும் நேராகப் பிடிக்கிறது.

இங்கே அப்படி இல்லை. இங்கே புகைக்காக வண்டியை யாரும் வாசலில் நிறுத்தி வசூலிப்பதில்லை. கொள்கை எதுவானாலும் அது எண்ணெய்க் குழாய் வழியாகத்தான் நம் பைக்கு வந்து சேர்கிறது. ஆகவே கடை இழுப்பவர் எண்ண வேண்டியது சிசியை அல்ல, லிட்டரை. அதோடு, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதை. இந்த இரண்டாவது விஷயம் எனக்கே கணக்குப் போட்டு முடிக்கும்போதுதான் உறைத்தது.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. ஒரே நாளில் லிட்டருக்கு 1.20 ஏற்றம். கிழக்கு மலேசியாவில் உள்ள சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே நின்றது. பெட்ரோல் பக்கம் வேறு கதை. 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 என்னும் பெட்ரோல் மானியத் திட்டத்தில், ஓட்டுநர் லைசன்ஸ் உள்ள குடிமக்களுக்கு மைகார்டு என்னும் அடையாள அட்டையைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. அதற்கு மேல் ஊற்றினால் மானியம் இல்லாத விலை. திட்டம் தொடங்கியபோது அது 2.60. டீசல் விலை வாரந்தோறும் புதன்கிழமை அறிவிக்கப்படுவதால் நான் கீழே போடும் கணக்கை அந்தந்த வாரத்து விலையோடு மாற்றிப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது 3.35, 1.99, 2.60 என்னும் மூன்று எண்களும் அந்த 300 லிட்டர் எல்லையும்தான்.

எங்கள் பிக்கப் கடையோடு போகும்போது 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கிறது, கடை இல்லாமல் 9. மூன்று மாத ரசீதுகளின் சராசரி இது. இன்னோவாவுக்குத் தெரிந்த ஒருவரிடம் இரண்டு வாரம் வண்டி கேட்டு வாங்கி இழுத்துப் பார்த்தோம். கடையோடு 15, தனியாக 10. பெட்ரோல் இன்ஜினுக்கு இழுவையில் தாகம் அதிகம் என்பது எல்லாரும் சொல்வதுதான், ஆனால் நோட்டில் எழுதிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு என்று தெரிகிறது. ஒரு விஷயம் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பெட்டி சதுரமாக, உயரமாக இருப்பதால் காற்று அதன் முகத்தில் வந்து மோதுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90-ல் போகிறவர் 70-க்கு இறங்கினால் அந்தத் தடை 100-லிருந்து ஏறக்குறைய 60-க்கு வந்துவிடும். எந்த வண்டி என்று முடிவெடுப்பதற்கு முன்னாலேயே மிச்சப்படுத்தக்கூடிய காசு இது. மாப்பிள்ளைக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

சரி, மாதக் கணக்கு. பிக்கப்: இழுவையில் 144 லிட்டர், தனி ஓட்டத்தில் 72, மொத்தம் 216. 3.35 வீதம் 723 ரிங்கிட் 60 சென். பழைய 2.15 விலையில் இதே 216 லிட்டருக்கு 464 ரிங்கிட்தான் ஆகியிருக்கும். மாப்பிள்ளையின் கசப்புக்குக் காரணம் அந்த 259 ரிங்கிட். இன்னோவா: இழுவையில் 180, தனியாக 80, மொத்தம் 260 லிட்டர். 300-க்குள் அடங்குகிறது. 1.99 வீதம் 517 ரிங்கிட் 40 சென். மேலோட்டமாகப் பார்த்தால் மாதம் 206 ரிங்கிட் லாபம், சாலை வரி வித்தியாசத்தையும் சேர்த்தால் 239. இவ்வளவு பார்த்தவுடன் மாப்பிள்ளை எழுந்தேவிட்டார், வண்டியை விளம்பரம் போட.

உட்காரச் சொன்னேன்.

டீசல் மானியத்தை எடுத்தபோதே அரசாங்கம் புடி மடானி என்று ஒரு உதவியைத் தொடங்கியது. தொடங்கியபோது, சொந்தப் பெயரில் டீசல் வண்டி வைத்திருக்கும் குடிமகனுக்கு மாதம் 200 ரிங்கிட். கணவன் மனைவி சேர்ந்த ஆண்டு வருமானம் 100,000 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது, சாலை வரி உயிரோடு இருக்க வேண்டும், பத்து வயதுக்குக் குறைந்த சொகுசு வண்டியாக இருக்கக்கூடாது. சிறு விவசாயிகளுக்கும் செம்பனை, ரப்பர் சிறு தோட்டக்காரர்களுக்கும் இதே போல ஒன்று உண்டு. மாப்பிள்ளை விண்ணப்பித்தாரா என்று கேட்டேன். விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்றால், பிக்கப் அவர் பெயரில் இல்லை. குலை வெட்டும் குத்தகைக்காகக் கூட்டாளியோடு தொடங்கிய சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனியின் பெயரில் கிடக்கிறது. குத்தகை முடிந்து வருடங்கள் ஆகின்றன. கூட்டாளி வேறு வேலைக்குப் போய்விட்டார். வண்டி யாருடையது என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. யாருக்கும் ஆபீசில் போய் பெயர் மாற்றத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த 200-ஐக் கழித்துப் பாருங்கள். 723.60 என்பது 523.60 ஆகிறது. இன்னோவாவின் 517.40-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. சாலை வரியின் 33 ரிங்கிட்டைச் சேர்த்தாலும் பிக்கப் மாதம் 39 ரிங்கிட்தான் அதிகம். பிக்கப்பை விற்று இன்னோவா வாங்கினால் நாங்கள் கையிலிருந்து போட வேண்டியது 9,000 ரிங்கிட் என்று இரண்டு இடத்தில் விசாரித்து வைத்திருந்தோம். மாதம் 239 மிச்சம் என்றால் அந்த 9,000 மூன்று வருடத்துக்குச் சற்று மேல் போனால் திரும்பி வந்துவிடும். மாதம் 39 மிச்சம் என்றால் திரும்பி வர 19 வருடம் ஆகும். அதே இரண்டு வண்டி, அதே ரோடு, அதே தோசை. நடுவில் மாறியது பதிவுச் சான்றில் உள்ள பெயர் மட்டும். நாங்கள் கிரான் என்று சொல்லும் அந்த ஒற்றைத் தாள்.

டீசல் விலை எவ்வளவு இறங்கினால் பிக்கப் முந்தும் என்றும் பார்த்தேன், ஏனென்றால் 3.35 நிலையான விலை இல்லை. 200 ரிங்கிட் கிடைக்கிறவருக்கு, சாலை வரியையும் சேர்த்து, டீசல் 3.17-க்குக் கீழே இருக்கும் மாதமெல்லாம் பிக்கப்தான் மலிவு. கிடைக்காதவருக்கு டீசல் 2.24-க்கு இறங்க வேண்டும். உங்கள் வண்டிக்கு இந்த எண் வேறாக வரும். போடுவது எளிது. மாதப் பெட்ரோல் செலவிலிருந்து சாலை வரியின் மாத வித்தியாசத்தைக் கழியுங்கள், உதவி கிடைத்தால் 200-ஐக் கூட்டுங்கள், வருவதை மாத டீசல் லிட்டரால் வகுங்கள். நாலாம் வகுப்பு கணக்குதான், எங்கள் காந்தி கலாசாலைப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் போடுவார்கள்.

பெட்ரோல் பக்கம் போகிறவர்கள் 300 லிட்டர் எல்லையைப் பார்த்து ரொம்பப் பயப்பட வேண்டாம். தைப்பூசத்துக்குக் கடையைக் கோலாலம்பூர் அருகே உள்ள பத்துமலை வரை கொண்டுபோய் வந்தால் ஏறக்குறைய 440 கிலோமீட்டர், அதற்கு 66 லிட்டர். வழக்கமான 260-உடன் சேர்த்து 326. எல்லை தாண்டிய 26 லிட்டருக்கு லிட்டருக்கு 61 சென் கூடுதல், மொத்தமே 16 ரிங்கிட்டுக்குள். ஆனால் மாதம் 2,000, 2,500 கிலோமீட்டர் இழுக்கிறவருக்கு இது வேறு மாதிரி முடியும். தனி ஓட்டத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு மாதமும் 80 லிட்டர், 155 லிட்டர் என்று வெளி விலையில் ஊற்ற வேண்டிவரும், அந்தக் கூடுதல் ஓட்டத்தில் பெட்ரோலின் மலிவு அநேகமாக மறைந்துவிடும்.

இன்னோவாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பின்சக்கரம் தள்ளும் வண்டி, அடியில் லாரி போன்ற சட்டம். பின்னால் பாரம் அழுத்தும்போது சக்கரம் தரையை நன்றாகப் பிடிக்கிறது. குடும்பம் முழுக்க உட்கார்ந்து போகலாம். தங்கச்சிக்கு ஓட்டப் பிடித்திருந்தது. இரண்டு வாரம் இழுத்தபோது மேட்டில் மட்டும்தான் வருத்தம். கியர் இறங்கி, இன்ஜின் கத்தி, மெதுவாக ஏறியது. சுங்கை சிப்புட், கோலக்கங்சார் பக்கம் பெரிய மேடு இல்லை. ஆனால் சிம்பாங் பூலாய் வழியாக கேமரன் மலைக்குக் கடையைக் கொண்டுபோக நினைக்கிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

புது டீசல் பிக்கப் வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். 2.4 லிட்டர், 2,393 சிசி, சாலை வரி 754 ரிங்கிட் 40 சென். இழுவையில் ஒரு லிட்டர், தனியாக ஒரு லிட்டர் குறையும் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 20 லிட்டர், 67 ரிங்கிட்தான் மிச்சம். மாதத் தவணை ஆயிரத்தைத் தாண்டும். தோசைக் கடைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

ஒன்றரை லிட்டர் டர்போ எஸ்யூவிகளில்தான் சாலை வரி ஆசை காட்டும். 1,477 சிசி என்றால் வருடத்துக்கு 120 ரிங்கிட். வரி சிசியைப் பார்ப்பதால் டர்போ வைத்துப் பலம் கூட்டினாலும் வரி ஏறுவதில்லை. ஆனால் கடை இழுப்பவர் வாங்குவதற்கு முன் கையேட்டில் இழுவை எடை எவ்வளவு என்று தேட வேண்டும். எண் இல்லை என்றால் இழுக்கக்கூடாது. 720 கிலோ பெட்டி பள்ளத்தில் பின்னாலிருந்து தள்ளும்போது பிரேக்கும் கியர் பெட்டியும் படும் பாட்டை 120 ரிங்கிட் வரி சரிக்கட்டாது. எந்த வண்டியானாலும் டோ பார் என்னும் இழுவைக் கொக்கி பொருத்துவதற்கும் பெட்டியைச் சாலையில் ஓட்டுவதற்கும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே முகப்பில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காப்புறுதிக்காரரிடமும் இழுக்கிறேன் என்று சொல்லி எழுதி வாங்குங்கள்.

பெரிய மகனின் மின் கார் யோசனையை நான் தள்ளிவிடவில்லை. அவன் பேசுவது நாளைக்கு உண்மையாகும். ஆனால் இன்றைக்குக் கடைக்குப் பொருந்தவில்லை. மின் காருக்கு இருந்த சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2026 முதல் மோட்டாரின் கிலோவாட்டை வைத்து வரி. முழுதாக இறக்குமதியான மின் காருக்கான வரிச் சலுகையும் அதே நாளில் முடிந்தது. உதிரிப் பாகங்களை உள்ளூரில் பொருத்தித் தயாரிக்கும் மின் காருக்கு மட்டும் 2027 முடிவு வரை நீள்கிறது. வரியை விட்டாலும், இப்படி உயரமான பெட்டியை இழுத்தால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதிக்கு அருகில் குறைந்துவிடும். சார்ஜ் போடும் இடத்தில் கடையோடு நிற்க இடம் இருக்காது. பெட்டியைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும். இரவு பதினோரு மணிக்குக் கடையை மூடி, மாவுப் பாத்திரம் கழுவி, களைத்துப்போய்த் திரும்பும் இருவருக்கு இந்த வேலையை நான் வைக்க மாட்டேன். கடை இல்லாத அந்த 800 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு என்றால் மகன் சொல்வது சரி.

கூலிக்கு இழுக்கச் சொல்வதும் ஒரு வழி. எங்கள் ஊரில் ஒரு லாரிக்காரர் ஒரு நடைக்கு, போக வர, 120 ரிங்கிட் கேட்கிறார். மாதம் 16 நடை என்றால் 1,920. கட்டுப்படியாகாது. ஆனால் வருடத்தில் நாலைந்து கோயில் திருவிழாவுக்கு மட்டும் கடை போடுகிறவர் சொந்த வண்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். லாரிக்காரரைக் கூப்பிடுங்கள்.

இனி புகை. ரிங்கிட் கணக்கு முடிந்தாலும் எனக்கு இது முடியவில்லை. கரியமில வாயுவை மட்டும் பார்த்தால் இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ வரும், பெட்ரோலுக்கு 2.3. எங்கள் லிட்டரோடு பெருக்கினால் பிக்கப் மாதம் சுமார் 580 கிலோ, இன்னோவா சுமார் 600. டீசல் குறைவாகக் குடிப்பதால் ஈடாகிவிடுகிறது. ஆனால் மூச்சில் போகிற புகை வேறு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியது. எங்கள் அம்மா லயத்து வீட்டில் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தவர். கடைசி காலத்தில் இருமல் விடவே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடைக்கு முன்னால் வரிசையில் நிற்பது பள்ளிப் பிள்ளைகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும். அவர்கள் பக்கத்தில் பழைய டீசல் இன்ஜின் உறுமிக்கொண்டு நிற்பதை என்னால் ஏற்க முடியாது.

நம் நாட்டிலும் இதற்கு விதி உண்டு. 1996-ஆம் ஆண்டு டீசல் புகை விதிமுறைப்படி கரும்புகையின் அடர்த்தி ஹார்ட்ரிஜ் என்னும் அலகில் 50-ஐத் தாண்டக்கூடாது. சுற்றுச்சூழல் துறை சாலையோரத்தில் சோதிக்கும். எண்ணெயும் முன்னைவிடச் சுத்தமாகிவிட்டது. 2021 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் யூரோ 5 டீசல்தான். முன்பு பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம் என்ற கந்தகம் இப்போது 10 பங்குக்குள். நாங்கள் வழக்கமாக ஊற்றும் டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. 2019-ல் சாலை வண்டிகளுக்கு இது சட்டமானது. நாங்கள் வெட்டி லாரியில் ஏற்றிய குலைதான் சுற்றி வந்து எங்கள் வண்டித் தொட்டியில் விழுகிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு நெருக்கம் தோன்றும். ஆனால் பழைய வண்டிக்கு இதனால் ஒரு வேலையும் வரும். செம்பனை டீசல் தொட்டியில் படிந்த பழைய அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும், ஈரத்தையும் இழுக்கும். டீசல் வடிகட்டியைக் கையேடு சொல்வதற்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். எங்கள் பிக்கப்பில் மேட்டில் கரும்புகை வந்ததற்குப் பாதிக் காரணம் அடைத்துப்போன காற்று வடிகட்டி. மீதிக் காரணம் இன்ஜெக்டர். ஒரு பட்டறையில் புகையைக் கட்டுப்படுத்தும் வால்வை அடைத்துவிடலாம், எண்ணெய் மிச்சம் என்றார்கள். வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். வேறு இடத்தில் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தபின் கரும்புகை நின்றது. 12 லிட்டர் என்று மேலே எழுதியது அதற்குப் பிறகு எடுத்த கணக்கு. அதற்கு முன் 14-ஐத் தொட்டது.

இதையெல்லாம் வைத்து நான் தங்கச்சியிடம் சொன்னது இது. பிக்கப் கம்பெனி பெயரிலேயே இருக்கப்போகிறது என்றால் விற்றுவிடுங்கள், இன்னோவா வாங்குங்கள், மூன்று வருடத்தில் காசு திரும்பும். பெயர் மாற்ற முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கு புஸ்பகோம் நிலையத்தின் வண்டிச் சோதனையும் ஜேபிஜே கட்டணமும் சேர்ந்தாலும் 9,000-க்குப் பக்கத்தில் வராது. 200 ரிங்கிட் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மறுபடி இன்னோவா பக்கம் திரும்பலாம், ஒன்றும் நட்டமில்லை. எந்த வழியானாலும் சந்தையில் பெட்டியை நிறுத்தியவுடன் கொக்கியைக் கழற்றி வண்டியைக் கடைக்குப் பின்னால், ஆட்கள் இல்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னோவா மேல் அவருக்கு ஆசை இருந்தது எனக்குத் தெரியும். அப்புறம் கைப்பேசியை எடுத்துப் பழைய கூட்டாளிக்குக் கூப்பிட்டார். "கிரான்ல கையெழுத்துப் போடணும், எப்ப வர்றீங்க?" என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை, கடை இல்லாத நாள், இருவரும் கோலக்கங்சாரில் சந்திக்கிறார்கள். தங்கச்சி கிரானை மாவு டப்பா வைக்கும் அலமாரியிலிருந்து தேடி எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள்.